எங்கட தேனீக்குப் பனிக்காலம் இல்ல, பஞ்சகாலம் இருக்கு

2023 ஓகஸ்ட் மாதம். ஏ.எல் ரிசல்ட் எப்ப வரும் எண்டு காத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த காலம். மாவடிப்பள்ளியில் எங்கட வீட்டுக்குப் பின்னால், வட்டைக்குப் போற வாய்க்கால் ஓரத்தில் ஒரு கிழட்டு மருதமரம் நிற்கிறது. அதன் அடிப்பொந்துக்குள் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. எத்தனை வருசமாக எண்டு யாருக்கும் சரியாகத் தெரியாது. நாங்கள் அதைத் தொட்டதில்லை, அதுவும் எங்களைத் தொட்டதில்லை.

அந்த மாதம் மூத்தம்மாவுக்கு விடாத இருமல். "கருஞ்சீரகத்தோட ரெண்டு கரண்டி நல்ல தேன் கிடைச்சா காணும்" எண்டு சொன்னா. கடைப் போத்தல் தேனில் அவவுக்கு நம்பிக்கை இல்ல. மறுகா என்ன, மாமாவும் காக்காவும் ஒரு பின்னேரம் தென்னோலையில் சூள் கட்டி, பொந்துக்குள் புகை போட்டு, கத்தியால் வதைகளை அறுத்தெடுத்தார்கள். பேசின் பிடிச்சது நான்தான்.

ஏழு வதை வந்தது. தேன் இருந்தது இரண்டில் மட்டும், அதுவும் மேல் விளிம்பில். மிச்சம் எல்லாம் காலி அறைகள், நடுவில் கொஞ்சம் வெள்ளைப் புழு. புழு இருந்த வதையைக் கோழிக்குப் போட்டோம். தேனைப் பிழிஞ்சு வடிச்சால் ஒரு சின்னச் சோடாப் போத்தலில் அரைவாசிகூட வரல. மூத்தம்மா அதைப் பார்த்துட்டு, "எனக்கு ரெண்டு கரண்டி எண்டுதானே சொன்ன. கூடு முழுக்க என்னத்துக்கு புள்ள அறுத்தீங்க?" எண்டு கேட்டா. எங்க மூணு பேருக்கும் வாயில் பதில் இல்ல.

நாலாம் நாள் பொந்து வெறும் பொந்து.

மாமா சொன்னார், "அது போனா போகட்டும், மறுகா வரும்." காக்கா சொன்னார், "தேனீண்ட ஆயுசே ஒரு மாசந்தானே, எப்படியும் சாகிற சாமான்." எனக்கு அந்த ரெண்டாவது கதைதான் மனசில் தங்கிச்சு. ஒரு தேனீ ஒரு மாதம்தான் வாழும் எண்டால், அந்தக் கூட்டம் இத்தனை வருசம் எப்படி அந்தப் பொந்தில் இருந்தது? நான் கலைப் பீடம், உயிரியல் படிச்சவள் இல்ல. ஆனால் இந்தக் கேள்விக்காகக் கிடைச்சதை எல்லாம் வாசிச்சேன். வாசிச்ச பிறகுதான் நாங்கள் செய்த வேலையின் கனம் விளங்கிச்சு. அதைத்தான் இங்கே எழுதுறன்.

முதலில் அந்த ஒரு மாதக் கணக்கு. அது பாதிதான் சரி. தேன்கூட்டில் ராணி ஒருத்தி. அவளுக்கு இரண்டு மூன்று வருசம் ஆயுள், சில ராணிகள் அதையும் தாண்டும். ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களுக்கோ, பூ நிறைஞ்ச சுறுசுறுப்பான காலத்தில், ஐந்து ஆறு கிழமைதான். முதல் மூன்று கிழமை கூட்டுக்குள் வேலை: அறை துப்புரவாக்குவது, புழுக்களுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது, வாசல் காப்பது. அதற்குப் பிறகுதான் வெளியே பூத் தேடிப் பறப்பது. வெளியே போகத் தொடங்கினால் ஆயுள் வேகமாகக் கரையும். ஐரோப்பியத் தேனீயில் செய்த ஆய்வுகள், ஒரு தேனீ மொத்தமாக ஏறத்தாழ 800 கிலோமீற்றர் பறந்ததும் அதன் உடம்பு ஓய்ந்துவிடுகிறது எண்டு கணக்குச் சொல்கின்றன. கல்முனையிலிருந்து கொழும்புக்கு ரோட்டால் போய்த் திரும்புற தூரத்தையும் தாண்டின தூரம் அது, ஒரு அங்குலம்கூட இல்லாத உடம்புக்கு.

ஆனால் அதே இனத் தேனீ குளிர்நாட்டில் இலையுதிர் காலத்தில் பிறந்தால் ஐந்து ஆறு மாதம் வாழும். அதே ராணியின் பிள்ளை, அதே கூடு. பிறந்த பருவம் மட்டும்தான் வேறு. இவற்றைப் பனிக்காலத் தேனீ என்கிறார்கள். பனி கொட்டும் மாதங்களில் எல்லாம் ஒன்றாகத் திரண்டு, பறக்கும் தசையை அசைத்துச் சூடு உண்டாக்கி, சேர்த்து வைத்த தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, வசந்தம் வரும்வரை ராணியைக் காப்பாற்றுவது இவற்றின் வேலை. இவற்றின் வயிற்றுக்குள் கொழுப்பையும் புரதத்தையும் சேமிக்கும் திசு தடித்து இருக்கும். விட்டெலோஜெனின் எண்ட ஒரு புரதம் அங்கே நிறைய இருக்கும். அதுதான் அந்தத் தேனீயின் கட்டுச்சோறு.

அப்போ குளிர்தான் ஆயுளைக் கூட்டுகிறதா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் வந்தது. சுவிற்சர்லாந்தில் அன்னா மவுரிசியோ எண்ட தேனீ ஆய்வாளர் 1950 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கோடையில்கூட, மகரந்தம் தாராளமாகத் தின்னக் கிடைத்து, ஊட்டி வளர்க்கப் புழு இல்லாமல் இருந்தால், வேலைக்காரத் தேனீ பனிக்காலத் தேனீ போல நீண்டு வாழ்கிறது எண்டு அவர் காட்டினார். தீர்மானிக்கிறது இரண்டு சாமான்: என்ன தின்றது, எத்தனை பிள்ளை வளர்த்தது. புழுவுக்கு ஊட்டும்போது தேனீ தன் உடம்பில் சேமித்ததையே கரைத்துக் கொடுக்கிறது. கொடுத்து முடிச்சவள் சீக்கிரம் போகிறாள். உள்ளே சேமிப்பு மிச்சம் இருப்பவள் தங்குகிறாள்.

இதைப் படிச்ச இரவு மூத்தம்மாவிடம் சொன்னேன். ஒன்பது பிள்ளை பெத்தவ. சிரிச்சுட்டு, "இதுக்குப் பெரிய படிப்புப் படிக்கணுமா?" எண்டா.

சரி, இது குளிர்நாட்டுக் கதை. யூடியூப்பிலும் முகநூலிலும் தேனீ பற்றித் தமிழில் எனக்குக் கிடைச்சது முக்காவாசியும் இந்தக் கதைதான். பனிக்காலத்துக்குக் கூட்டை எப்படி மூடுவது, வசந்தத்தில் எப்படித் திறப்பது. எங்கட ஊருக்கு என்ன பனி, என்ன வசந்தம்? மாவடிப்பள்ளியில் குளிர் எண்டால் டிசம்பர் மழையில் நனைஞ்சு வந்தால் வருகிற நடுக்கம்தான். ஆக, எங்கட தேனீக்கு வருசம் முழுக்க ஒரே பாடு எண்டு நினைக்கத் தோணும். அப்படி நினைச்சதுதான் எங்கட பிழை.

எங்கட பொந்தில் இருந்தது ஆசியத் தேனீ, பொந்துத்தேனீ எண்டு சொல்றது. இலங்கையில் பெட்டியில் வளர்க்கிறதும் இதைத்தான். மரக்கொப்பிலும் பாறையிலும் ஒற்றைப் பெரிய வதையாகத் தொங்குவது பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. சீகிரியாவில் ஆட்களைக் கலைக்கிறது அதுதான். இதைவிடக் கொம்பில் சின்னதாகக் கட்டும் கொம்புத்தேனீயும், கொட்டாத சிறுதேனீயும் இருக்கின்றன. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பிப் போன ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட புத்தகத்தில்கூட இந்த நாட்டுத் தேனீ வகைகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். பருவம் வந்தால் முழு ஊரே தேன் தேடிக் காட்டுக்குப் போனதையும் எழுதியிருக்கிறார். பருவம் வந்தால். அந்தச் சொல்லைக் கவனிக்கணும். 340 வருசத்துக்கு முந்தின ஆட்களுக்குத் தேனுக்கு ஒரு காலம் உண்டு எண்டு தெரிஞ்சிருக்கு.

எங்கட கரையோரத்தில் ஒரு தேனீயின் வருசம் எப்படிப் போகும்? இது பெரும்பாலும் நான் மூணு வருசமாக அந்த மரத்தடியிலும் வட்டையிலும் பார்த்து எழுதி வைச்ச கணக்கு.

ஒக்டோபரில் முதல் மழை விழும். பெரும்போக விதைப்புத் தொடங்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் அடைமழையும். மழை பெய்தால் தேனீ பறக்காது. பூத்த பூவிலும் தேனைத் தண்ணீர் கழுவிவிடும். கூட்டுக்குள் இருக்கிறதைத் தின்றுதான் நாள் போகும். 2024 நவம்பர் 26 வெள்ளத்தை எங்கட ஊரில் யாரும் மறக்க மாட்டம். அந்தத் தண்ணி எங்கட பிள்ளைகளையே கொண்டு போச்சு. அப்படிப்பட்ட மாரியில் தரையோடு ஒட்டின பொந்தும் புற்றும் என்ன கதி எண்டு யாரும் பார்க்கப் போறதில்ல. அது நியாயம்தான். ஆனால் பூச்சிகளுக்கும் அந்தத் தண்ணிதான்.

பெப்ரவரியில் மழை விட்டதும் கதை மாறும். ஊர்ப் பேரிலேயே மாமரம் இருக்கிற ஊர் இது. மா பூக்கும், வரம்பெல்லாம் களைப்பூ, தொட்டாச்சிணுங்கி ஊதா நிறத்தில் விரியும், கொஞ்சம் பிந்தி வேம்பு. ராணி மளமளவென்று முட்டை போடும். கூட்டம் பெருத்து, இரண்டாகப் பிரிந்து பறக்கும். எங்கட வீட்டுப் பக்கம் கூட்டம் பிரிந்து போனதை நான் பார்த்ததெல்லாம் மாரி முடிஞ்ச கையோடுதான். ஒரு தேனீ குறைந்த நாள் வாழ்வதும் இந்தக் காலத்தில்தான். ஆனால் கூட்டம் பலமாக இருப்பதும் இதே காலத்தில்தான். சாகிறதைவிடப் பிறக்கிறது கூட.

மே பிறந்தால் கச்சான். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் சூடாக இறங்கி வரும் காற்று. வாழையிலை கிழியும், உதடு வெடிக்கும். வரம்புப் பூ கருகும். ஓகஸ்டில் சிறுபோகம் அறுத்தால் வட்டை முழுக்க ஒட்டுத்தாள்தான். மாதம் ஒரு பாளை விரிக்கிற தென்னை மட்டும்தான் ஓரளவு கைகொடுக்கும். இந்தக் காலத்தில் தேனீ பூவைத் தேடிக் கூடத் தூரம் பறக்கணும். போதாததற்குத் தண்ணியும் காவணும். கூடு சூடானால் தண்ணியைக் கொண்டு வந்து வதையில் தெளித்து, சிறகால் விசிறித்தான் அவை உள்ளே குளிராக்குகின்றன. பனிக்காலத் தேனீ மாதிரி உள்ளே அடங்கிக் கிடக்க இவற்றுக்கு வழி இல்ல. வரவு குறைஞ்சதால் ராணி முட்டை போடுவதைக் குறைக்கும். ஆனால் பறக்கிறவை சாகிறது குறையாது. பிறப்பு குறைஞ்சு இறப்பு குறையாத வீடு எப்படி இருக்கும்? அதுதான் ஓகஸ்ட் மாதத் தேன்கூடு. நாங்கள் அறுத்த ஏழு வதையில் ஐந்து காலியாக இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

கூட்டம் மெலிஞ்சால் நோயும் பகையும் உள்ளே வரும். பலமான கூட்டம் மெழுகு அந்துப்பூச்சியை வாசலிலேயே விரட்டும். மெலிந்த கூட்டத்தில் அது உள்ளே போய் முட்டையிட்டு, அதன் புழு வதையைத் துளைத்து, வலை மாதிரி நூலால் மூடிவிடும். முசுறு எறும்பு மரத்தில் வரிசை கட்டி ஏறும். மாரி நெருங்கும்போது வடக்கிலிருந்து நீலவால் பஞ்சுருட்டான் வந்து கரண்டுக் கம்பியில் குந்தும். பறக்கிற தேனீயை அந்தரத்திலேயே கொத்திக்கொண்டு போறது அதன் தொழில். இவை எல்லாம் எப்பவும் இருக்கிறதுதான். பஞ்சகாலத்தில்தான் இவற்றுக்குக் கூட்டம் தோற்றுப் போகிறது.

இப்படியொரு நெருக்கடிக்கு எங்கட தேனீ கண்டுபிடிச்ச வழி குளிர்நாட்டுத் தேனீயின் வழி அல்ல. அது இடம் மாறும். பூ இல்லாமல் போனால் ராணி முட்டை போடுவதை நிறுத்தும், இருக்கிற புழுக்கள் வளர்ந்து வெளியே வரும்வரை காத்திருக்கும், மிஞ்சின தேனை எல்லாரும் வயிறு நிரம்பக் குடிக்கும், பிறகு ஒரு நாள் முழுக் கூட்டமும் வெறும் வதையை விட்டுவிட்டுப் பறந்துவிடும். பெருந்தேனீ இன்னும் பெரிய பயணக்காரன். இலங்கையில் அந்தக் கூட்டங்கள் பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்வதை நிக்கோலஸ் கோனிகரும் குட்றூன் கோனிகரும் ஆராய்ந்து 1980 இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1950களின் நடுவில், மார்ட்டின் லிண்டவர் எண்ட ஜெர்மன்காரர் இலங்கைக்கு வந்து எங்கட தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தார். தேனீயின் நடனத்தைப் படித்ததுக்காக 1973 இல் நோபல் பரிசு வாங்கின கார்ல் வொன் பிரிஷின் மாணவர் அவர். உலகத்துக்குத் தேனீப் பாஷை விளங்கினதில் எங்கட தேனீக்கும் பங்கு இருக்கு.

அப்போ எங்கட கூட்டமும் நல்லபடியாகத்தானே இடம் மாறிப் போயிருக்கும் எண்டு மாமா கேட்டார். இல்ல. திட்டம் போட்டுப் போற கூட்டம் பிள்ளைகளை வளர்த்து எடுத்து, சோறு கட்டிக்கொண்டு போகும். நாங்கள் கலைச்ச கூட்டம் பிள்ளைகளைக் கோழிக்குக் கொடுத்துட்டு, வெறும் வயிற்றோடு, ஓகஸ்ட் வெயிலில் போச்சு. புதுப் பொந்து கிடைச்சாலும் மெழுகு கட்டத் தேன் வேணும். முட்டையிட்டுப் புதுத் தேனீ வெளியே வர ஏறத்தாழ மூன்று கிழமை வேணும். பறந்து போனவற்றில் கனக்கச் சாமானுக்கு அந்த மூன்று கிழமையே ஆயுளில் மிச்சம் இருந்திருக்காது. பெப்ரவரியில் அதே அறுவை நடந்திருந்தால் கூட்டம் அதைத் தாங்கியிருக்கக் கூடும். காலம்தான் குற்றத்தைப் பெரிசாக்கினது.

இதுதான் நான் சொல்ல வந்தது. தேனீயைக் காப்பாற்றுவோம் எண்டு படம் போட்டுப் பகிர்கிறதைவிட முக்கியமானது, அதன் கஷ்ட மாதம் எது எண்டு தெரிஞ்சு அந்த மாதத்தில் கையை எடுக்கிறது.

நாங்கள் 'மீன்பாடும் தேன்நாடு' எண்டு பெருமை பேசுற ஆட்கள். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிஞ்சாலும் அந்தப் பேரில் எங்களுக்கும் பங்கு இருக்கு எண்டுதான் நினைக்கிறம். ஆனால் தேனுக்குப் பருவம் உண்டு எண்ட அறிவை எங்கேயோ விட்டுட்டம். மாங்காய் எப்ப வரும் எண்டு கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். தேன் எப்ப வரும் எண்டு கேட்டால், "கடையில எப்பவும் இரிக்கே" எண்டுதான் பதில். வருசம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே தடிப்பில் தேன் விற்குது எண்டால் நாங்கள்தான் சந்தேகப்படணும். பூ மாறினால் தேனின் நிறமும் வாசமும் மாறும்.

இன்னொரு சிக்கல் எங்கட நாட்காட்டி. தேனை மருந்தாக மதிக்கிற சமூகம் நாங்கள். குர்ஆனில் தேனீயின் பேரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கு. நோன்பு வந்தால் எங்கட வீட்டில் தேன் தேடுறது கூடும், ஊர்க் கடைகளிலும் போத்தல் கூடும். நோன்பு மாதம் பிறைக் கணக்கு. வருசத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். 2015 இல் கச்சானுக்குள் நோன்பு பிடிச்சம். இப்ப பெப்ரவரி, மார்ச், பூக்காலம். 2030 இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் அடைமழைக்குள் நோன்பு வரும். எங்கட தேவை நகர்ந்துகொண்டே போகும், பூ நகராது. பூக்காலத்தில் எடுத்து நல்லா மூடி வைச்ச தேன் கெடாது. தேவைக்கு முன்னமே வாங்கி வைக்கலாம். கேட்ட மாதத்தில் கேட்ட அளவு வேணும் எண்டு நாங்கள் நிண்டால், விற்கிறவர் ஒண்டில் மெலிஞ்ச கூட்டை அறுக்கணும், இல்லாட்டி சீனிப்பாகு காய்ச்சணும்.

அடுத்தது வட்டை. இதை எழுதினால் வாப்பா கோவிப்பார், அவரும் விவசாயிதான். நெல்லுக்குத் தேனீ தேவையில்ல, காற்றே போதும். ஆனால் தேனீக்கு நெல் தேவை. நெல் பூக்கிற காலையில் மகரந்தம் எடுக்கத் தேனீ வரும். பெரும்போக நெல் பூக்கிறது மழை இடைவெளியில், சிறுபோக நெல் பூக்கிறது கச்சானில். இரண்டுமே வேறு பூ குறைஞ்ச காலம். அதே கிழமைகளில்தான் மூட்டுப்பூச்சிக்கும் தத்திக்கும் எண்ணெய் அடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் திறந்த வயலில் தடுத்த இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் தேனீயை உடனே கொல்லாத அளவிலும் அதன் வழி தேடும் திறனைக் குலைக்கின்றன. பூத்தேடிப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் செத்தால், அது கூட்டுக்கு முன்னால் பிணமாகக்கூடத் தெரியாது. கூட்டம் சும்மா மெலிஞ்சு போகும்.

உடனே தடை பண்ணணும் எண்டு நான் சொல்லல. 2021 இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அடியாக நிறுத்தி, அந்த வருசம் முடிய முன்னமே அரசாங்கம் பின்வாங்கினதை எங்கட வட்டை மறக்கல. அடிபட்டது முல்லைக்காரனும் சின்ன விவசாயியும்தான். நான் கேட்கிறது சின்னச் சாமான். நெல் பூத்திருக்கிற காலைநேரம் எண்ணெய் அடிக்காமல், தேனீ கூட்டுக்குத் திரும்பின பிறகு பின்னேரம் அடியுங்கோ. ஒரு சதம் கூடச் செலவு இல்ல. வரம்பு முழுக்கப் புல்லெண்ணெய் அடிச்சுக் கருக்காமல், வாய்க்கால் பக்கம் ஒரு கரையையாவது பூக்க விடுங்கோ. வாப்பாட்ட இதைச் சொன்னபோது, "தொட்டாச்சிணுங்கிக்கா வட்டை செய்யச் சொல்றாய்?" எண்டு கேட்டார். போன சிறுபோகம் வாய்க்கால் கரையை மட்டும் விட்டுட்டார். மறந்துட்டாரா, மனசாரவா எண்டு நான் கேட்கல.

சில பேர் சொல்வார்கள்: ஐரோப்பியத் தேனீயைக் கொண்டு வந்தால் கனக்கத் தேன் வருமே, இந்தக் கொஞ்சத் தேனீக்கு ஏன் இவ்வளவு பாடு? அந்தத் தேனீ கூடத் தேன் தரும் எண்டது உண்மை. ஆனால் உலகம் முழுக்க அதை வதைக்கிற வரோவா உண்ணி முதலில் வாழ்ந்தது எங்கட ஆசியத் தேனீயில்தான். எங்கட தேனீ அதை ஒருத்தர் உடம்பிலிருந்து ஒருத்தர் பிடுங்கி எறிஞ்சு சமாளிக்கப் பழகிட்டு. ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் குறைவு. அந்த உண்ணி இரத்தத்தைக் குடிக்குது எண்டுதான் கனகாலம் நம்பினார்கள். 2019 இல் சாமுவேல் ராம்சேயும் கூட்டாளிகளும் அது தின்பது அந்தச் சேமிப்புக் கொழுப்புத் திசுவை எண்டு காட்டினார்கள். அதாவது நீண்ட ஆயுளின் கட்டுச்சோற்றையே தின்னுது. பனி வர முன்னம் அது பெருகினால் கூட்டம் வசந்தத்தைக் காணாது.

எங்கட தேனீக்கும் நோய் வராது எண்டில்ல. 1991, 92 இல் தாய் சக்புரூட் எண்ட வைரஸ் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆசியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிச்சது. குடம்பிகள் தண்ணி நிறைஞ்ச பை மாதிரி ஊதிச் செத்தன. தென்னிந்தியா எங்களுக்குத் தூரம் இல்ல. எங்கிருந்தோ கூட்டம் வாங்கி ஊருக்குள் இறக்குறதில் இந்த ஆபத்தும் இருக்கு. இருக்கிறதைக் காப்பாற்றுறது அதைவிட இலேசு.

பள்ளிக்கூடக் கூரையிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ கூடு கட்டினால் என்ன செய்றது எண்டு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெருந்தேனீ கலைஞ்சால் ஆள் சாகலாம். அதை அகற்றத்தான் வேணும். ஆனால் எங்கட வழக்கம், எந்தக் கூட்டைக் கண்டாலும் மண்ணெண்ணெய்ப் பந்தம். பொந்துத்தேனீயைப் பெட்டிக்குள் மாற்றலாம். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கு. பயிற்சி எடுத்த ஒரு ஆள் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் பந்தத்துக்கு வேலை இல்ல.

கடைசியாக, எங்கட வயசு ஆட்களுக்கு ஒரு வேலை. ஆர்.டபிள்யூ.கே. புஞ்சிஹேவா 1994 இல் இலங்கைத் தேனீ வளர்ப்புப் பற்றி எழுதின நூலின் தலைப்பிலேயே வெப்பவலயப் பருவக்காற்றுச் சூழல் எண்ட சொற்கள் இருக்கு. பருவக்காற்றை வைத்துத்தான் இங்கத்தைத் தேனீயை விளங்கணும் எண்டது அந்தத் தலைப்பிலேயே விளங்கும். ஆனால் மலைநாட்டில் யூக்கலிப்டஸ் பூக்கிற காலமும் இறப்பர்த் தோட்டத்தில் தேன் வடிகிற காலமும் எங்களுக்குப் பொருந்தாது. காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, கல்முனைக் கரையோரத்துக்கு ஒரு பூ நாட்காட்டி வேணும். எந்த மாதம் எது பூக்குது, தேனீ எதில் குந்துது, கூட்டம் எப்ப பிரியுது, எப்ப காலி பண்ணுது. இதுக்கு ஆய்வுகூடம் தேவையில்ல. ஒரு கொப்பி, ஒரு போன், ஒரு வருசம் பொறுமை. ஒலுவிலில் நாங்கள் கலைப் பீடம், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கட ஊர். சேர்ந்து செய்தால் அடுத்த வருசம் ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் கமநல நிலையத்திலும் ஒட்டலாம்: இந்த மாதங்களில் கூடு அறுக்க வேணாம், இந்தக் கிழமைகளில் காலையில் எண்ணெய் வேணாம்.

போன வருசம் காக்கா அந்த மருதமரப் பொந்தைச் சீமெந்தால் அடைக்கப் பார்த்தார். பாம்பு வருமாம். நான் விடல. மூத்தம்மாவும் என் பக்கம் நிண்டா. இந்தப் பெப்ரவரியில் ஒரு நாள் பத்து மணி வெயிலில் ஏழெட்டுத் தேனீ அந்தப் பொந்துக்குள் போறதும் வாறதுமாக நிண்டுது. வீடு பார்க்க வந்தவை. இரண்டு நாள் வந்து பார்த்துட்டுப் போயிட்டுது, பிடிக்கல போல.

பொந்து இன்னும் திறந்துதான் இருக்கு. மாரி முடிய மறுகா பார்ப்பம்.